சாய்ந்தமருதுவிலிருந்து வந்த சீனக் கையெழுத்து

கச்சிமுகம்மது நீர்ப்பாசனத் திணைக்களத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் தொழில்நுட்ப உத்தியோகத்தராகக் கடமையாற்றியவர். பெரும்போகத்துக்கு எந்த நாளில் துருசு என்னும் மதகைத் திறப்பது, சிறுபோகத்தில் எந்த வாய்க்காலுக்கு எத்தனை மணிநேரம் நீர் விடுவது என்பது ஒருமுறை கூட்டத்தில் முடிவாகிவிட்டால், பிறகு அவரை அசைக்க எவராலும் முடியாது. சம்மாந்துறையின் பெரிய காணிக்காரர்கள் வீடு தேடி வந்து கெஞ்சியும், குறித்த நாளுக்கு முந்தி ஒரு சொட்டு நீர் திறந்தவரல்லர். அந்தப் பிடிவாதம் கந்தோரில் அவருக்கு நற்பெயர் தந்தது. வீட்டில் அது செய்த காரியத்தைப் பற்றி எவரும் பேசியதில்லை. அவர் மட்டும் பதினான்கு ஆண்டுகளாக அதையே நினைத்துக்கொண்டிருந்தார்.

மகள் றிஸ்லா உயர்தரப் பரீட்சை எழுதிய கையோடு, பத்திரிகை விளம்பரம் பார்த்து, சீன மொழி கற்கும் புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பித்தாள், தெரிவும் ஆனாள். குவாங்சோ நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஐந்து வருடப் படிப்பு. கடிதம் வந்த கிழமை, அவளுக்கென்று கட்டிய வீட்டுக்கு ஓடு போட்டுக்கொண்டிருந்தார்கள். சாய்ந்தமருது உள்ளிட்ட கல்முனைக் கரையில் மகளுக்கு வீட்டை எழுதிக் கொடுத்தே நிக்காஹ் நடக்கும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்குக் குடிவருவார். பெற்றோர் வளவின் பின்புறம் சிறிய வீடொன்றுக்கு ஒதுங்கிக்கொள்வர். நிக்காஹுக்கு நாளும் குறித்தாயிற்று. கச்சிமுகம்மது கடிதத்தை வாசித்து, இரண்டாக மடித்து, "நாள் வெச்சாச்சு மகள்" என்றார்.

அவள் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை என்பதே அவரது நினைவு. நிக்காஹுக்குச் சம்மதம் கேட்கும்போது மணப்பெண் வாய் திறவாதிருந்தால் அதையே சம்மதமாகக் கொள்வது வழமை. அந்த வழமையைப் படிப்புக்கும் பொருத்தி அவர் நிம்மதியடைந்தார். அந்த நிம்மதி ஒரு வருடம்கூட நிலைக்கவில்லை.

இவ்வருடம் றிஸ்லாவின் கணவன் றஸ்மி, தன் கல்முனைக் கடைக்குச் சாமான் எடுக்கக் குவாங்சோ புறப்பட்டபோது, றிஸ்லாவுக்கும் சேர்த்தே பயணம் ஒழுங்காகியிருந்தது. சீனக் கம்பனிகளுடன் கைப்பேசியில் எழுதிக் கதைப்பவள் அவள்தான். அந்த மொழியைச் சமையலுக்கும் பிள்ளைகளுக்கும் இடையில் தானாகவே கற்றிருந்தாள். ஆனால் அவளுடைய மகள் அப்னாவுக்கு ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கியது. "வாப்பாவக் கூட்டிட்டுப் போங்க" என்று றிஸ்லா விலகிக்கொண்டாள். வாப்பாவின் கையில் ஒரு துண்டை மட்டும் கொடுத்தாள். ஒரு புத்தகக் கடையின் விலாசமும், வாங்கவேண்டிய நூலின் பெயரும் சீன எழுத்தில் அதில் இருந்தன.

மகளிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும். முகம் பார்த்துக் கேட்கும் துணிவில்லை. அவள் விரும்பிய நூலைத் தாமே தேடி எடுத்துப் போனால் கேட்டது போலாகிவிடும் என்று கச்சிமுகம்மது தமக்குள் ஒரு குறுக்கு வழி கண்டிருந்தார்.

ஆலமரங்கள் நிழல் விரித்த ஒடுக்கமான வீதியில், பழைய கட்டடமொன்றின் மேல்மாடியில் இருந்தது அந்தக் கடை. வாசலில் அவர் குனிந்தார்.

"மாமா, செருப்பக் கழட்டாதீங்க. இது பள்ளிவாசலில்ல, கடை."

"புத்தகம் இரிக்கிற இடம், மகன்."

"அப்ப எங்கட கடைக்கும் ஒருக்கா கழட்டிப்போட்டு வாங்களன், பாப்பம்!"

உள்ளே ஆங்கிலம், பிரெஞ்சு, ஜப்பான், அரபு என்று ஒவ்வொரு மொழிக்கும் தனி அலுமாரி. பாடப்புத்தகம் ஒன்றுகூட இல்லை; எல்லாம் உரிமையாளரே வாசித்துத் தெரிந்தெடுத்தவைபோல், நூல்களுக்கிடையே கைப்பட எழுதிய சிறு குறிப்புகள் செருகப்பட்டிருந்தன. இரண்டு பெண்பிள்ளைகள் தரையில் அமர்ந்து, எழுந்து போகும் எண்ணமே இல்லாதவர்கள் போல வாசித்துக்கொண்டிருந்தனர். கச்சிமுகம்மது அவர்களையே பார்த்து நின்றார். ஒருத்திக்குப் பத்தொன்பது வயதிருக்கும்.

கடையை நடத்திய நடுவயதுப் பெண்மணி துண்டை வாங்கிப் பார்த்தாள். ஒரு பக்கம் சீனமும் எதிர்ப்பக்கம் ஆங்கிலமுமாக அச்சான கதைத்தொகுதி ஒன்றை எடுத்து வைத்தாள். பின்பு துண்டை மறுபடியும் பார்த்தாள்.

"யாருடைய கையெழுத்து இது?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"என் மகளுடையது."

"எங்கே படித்தார்?"

கச்சிமுகம்மது மருமகனைப் பார்த்தார். றஸ்மியோ கைப்பேசியை எடுத்துவிட்டான். "இரிங்க, அவக்கிட்டயே கேப்பம்."

திரையில் றிஸ்லா வந்தாள். அடுத்த நிமிடமே இரு பெண்களும் சீனத்தில் சரளமாகக் கதைக்கத் தொடங்கினர். "நமக்கு ஒரு சொல் விளங்குதா மாமா?" என்று றஸ்மி பெருமையாகச் சிரித்தான். மகள் கைகொட்டிச் சிரிப்பதைக் கச்சிமுகம்மது கண்டார். அந்தச் சிரிப்பை எப்போது கடைசியாகக் கண்டார் என்று தேடினார்; நினைவு எட்டவில்லை.

திடீரெனப் பெண்மணியின் முகம் வாடியது. அவர் பக்கம் திரும்பினாள்.

"கோடையில் இங்கே மொழிபெயர்ப்பாளர்களுக்கு இரண்டு மாத வகுப்பு நடக்கிறது. வரச் சொன்னேன். தன் மகளுக்கு வீடு கட்டி முடித்த பிறகு வருவாராம். மகளுக்கு என்ன வயது?"

"பத்து."

"பத்து வயதுப் பிள்ளைக்கு எதற்கு வீடு?"

எந்த விதியையும் எவருக்கும் விளக்கிச் சொல்லக்கூடியவர் அவர். இதை விளக்க அவரால் முடியவில்லை. கைப்பேசியைத் தாமே வாங்கிக்கொண்டார்.

"றிஸ்லா."

"சொல்லுங்க வாப்பா. புத்தகம் கிடைச்சிதா?"

"கிடைச்சிது. மகள்... அண்டைக்கு நீ ஒண்டும் கதைக்காம இருந்தாய். நான் அதச் சம்மதம் எண்டு எடுத்திட்டன். பிழை என்ட. மாப்பு செய்."

அவள் கைப்பேசியை முகத்துக்கு அருகே கொண்டுவந்தாள்.

"நான் கதைச்சனே வாப்பா."

"எப்ப?"

"மூணு தரம். ஒருக்கா நீங்க ஓடு போடக்குள்ள, ஏணிக்குக் கீழ நிண்டு. மறுகா ராச்சாப்பாட்டில. மறுகா நீங்க சுபஹு தொழுதிட்டு வரக்குள்ள, படலையடியில. நான் போகணும் வாப்பா எண்டுதான் சொன்னேன். 'ஓடு இன்னும் நூறு காணாது' எண்டீங்க."

குரலில் கோபம் இல்லை. நேற்று நடந்ததைச் சொல்வது போலச் சொன்னாள்.

"எனக்கு நினைவில்லயே, மகள்."

"ஓம் வாப்பா. அது எனக்குத் தெரியும். அப்னாட ஸ்கூல் வேன் வந்திட்டு, வெக்கிறன்."

திரை இருண்டது. பதினான்கு ஆண்டுகளாக அவர் வருந்தி வந்தது, மகளின் மௌனத்தைத் தவறாக எடுத்துக்கொண்டதற்காக. அப்படியொரு மௌனமே இருக்கவில்லை. தம் காதில் விழாததை, அவள் சொல்லாததாக அவர் எழுதி வைத்திருந்தார்.

"என்ன மாமா? அவ எங்க போகணும் எண்டு கேட்டவ?" றஸ்மியின் முகத்தில் இப்போது சிரிப்பில்லை. "எனக்கு ஒண்டும் தெரியாதே."

'அவள் வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை' என்ற பழைய வசனம் கச்சிமுகம்மதுவின் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டார்.

"உங்கட பொண்டாட்டி இந்த ஊருக்குப் படிக்க வர இருந்தவ, மகன்," என்றார். "போகணும் எண்டு என்னட்ட மூணு தரம் கேட்டா. நான்தான் போக உடல்ல."