மச்சம் இல்லாத படம்

உலகச் சண்டை முடிந்த பிறகும் அருப்புக்கோட்டைக்கு, பெட்ரோலுக்குப் பதில் கரி போட்டு ஓட்டும் கரி பஸ்தான் போய்க்கொண்டிருந்தது. திருச்சுழியில் நானும் என்னோடு வேலை பார்த்த டீச்சரும் ஏறினோம். இறங்கும்போது இரண்டு பேர் மூக்கிலும் கரி. எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. வந்திருந்த வரன் மல்லாங்கிணற்றுக்காரர், விருதுநகர் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். அவருடைய வீட்டில் முதலில் படம் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அதை எடுக்கத்தான் அருப்புக்கோட்டை ஸ்டூடியோவுக்குப் போனோம்.

கூட வந்த டீச்சர், என் தோழி, அவளுக்குச் சினிமாப் பைத்தியம். பத்திரிகையில் வந்த ஒரு நடிகையின் படத்தைக் கிழித்து, பாடப் புத்தகத்துக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். தோளுக்கு மேலே திரும்பிய முகம், கனவு காண்கிற கண், கூந்தல் ஓரமெல்லாம் வெள்ளியாக வெளிச்சம். அதை ஸ்டூடியோக்காரரிடம் நீட்டி, இவளையும் இதே மாதிரி எடுக்க வேண்டும் என்றாள்.

அவர் அதுவரை எல்லோரையும் திரைச்சீலைக்கு முன்னால் விறைப்பாக நிறுத்தி எடுத்தவர். படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு அவருக்கும் உற்சாகம் வந்துவிட்டது. பெரிய விளக்கெல்லாம் கிடையாது. கண்ணாடிக் கூரை வழியாக விழும் வெயில்தான். சுவரில் மாட்டியிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றித் தோழி கையில் கொடுத்து, எனக்குப் பின்னால் உட்காரவைத்து, வெயிலை என் கூந்தல்மேல் திருப்பச் சொன்னார். நான் மூச்சை அடக்கிக்கொண்டு திரும்பினேன்.

“ஏத்தா, அவுக எதுத்தாப்புல நிக்கிறதா நெனச்சுக்க,” என்றாள் தோழி.

சிரித்துவிட்டேன். இரண்டு தடவை வீணாகி, மூன்றாவதுதான் சரியாக வந்தது.

படம் வந்தபோது வீட்டில் ஆளாளுக்கு வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். ஸ்டூடியோக்காரர் நெகட்டிவில் பென்சிலால் தீட்டித் தீட்டி, என் இடது கன்னத்து மச்சத்தையே காணாமல் ஆக்கியிருந்தார். அழகாகத்தானே இருக்கிறது என்று அம்மா அனுப்பிவைத்தாள்.

பத்து நாளில் பதில் கடிதம் வந்தது. யாரோ சினிமாக்காரியின் படம் கவரில் தவறி வந்துவிட்டது, தயவுசெய்து தங்கள் மகளின் படத்தை அனுப்பவும் என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். அப்பாவுக்குக் கோபம். நான் வெட்கத்தில் அழுதேன். தோழி விழுந்து விழுந்து சிரித்தாள்.

வேறு படம் எடுப்பதற்குள், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் ஆராதனை முடிந்து நாங்கள் வீடு திரும்பியிருந்த நேரத்தில், மாப்பிள்ளையே தன் அக்காவோடு வந்து நின்றார். பழைய சேலையில், முறத்தில் குதிரைவாலி புடைத்துக்கொண்டிருந்த நான் அப்படியே எழுந்தேன். அவர் படத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். என்னிடம் ஒன்று கேட்கலாமா என்று அப்பாவிடம் அனுமதி வாங்கினார்.

“படத்துல இந்த மச்சம் இல்லியே?”

“எடுத்தவுக அழிச்சுட்டாக,” என்றேன்.

“அதப் போயி ஏன் அழிச்சாக? அதுதான நல்லாருக்கு.”

சொன்ன பிறகுதான் எல்லோரும் கேட்டுக்கொண்டிருப்பது அவருக்கு உறைத்தது. காது வரை சிவந்து, வாசலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். காபி ஆறுவதற்குள் அவருடைய அக்கா, நாற்பது நாள் கல்யாணம் வைக்காத லெந்து நாள் தொடங்குவதற்கு முன்பே கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாமா என்று அம்மாவிடம் கேட்டுவிட்டார். நான் அடுப்படிக்குள் போய், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன்.