அண்ணி வாய் திறக்காத அறை

அண்ணி தையல் கடை வைத்திருக்கிறார். ஒரு சட்டைக்கு அளவெடுத்து முடிப்பதற்குள் வந்தவரின் குடும்பக் கதை முழுவதையும் கறந்துவிடுவார். அப்படிப்பட்டவர், கடைக்குப் பின்னாலிருக்கும் அறைக்குள் நுழைந்தால் மட்டும் ஊமை.

அடிபட்ட, தாயை இழந்த காட்டு உயிர்களை வனத்துறையினர் அங்கேதான் கொண்டுவந்து விடுவார்கள். மனிதக் குரலுக்குப் பழகிய குட்டி, வேட்டைக்காரன் கூப்பிட்டாலும் போய் நிற்குமாம். அதனால் அண்ணி முகத்தை மூடிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் பால் புகட்டுவார். கூண்டுக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்துவிட்டுப் பாசம் என்று சொல்கிறவர்கள் அந்த அறையில் ஒரு நாள் இருந்து பார்க்க வேண்டும்.

போன முறை வந்தது ஒரு நரிக்குட்டி. தாய் லாரியில் அடிபட்டுச் செத்திருந்தது. ஆசை தாங்காமல் அண்ணன் ஒருநாள் "செல்லம்" என்று கூப்பிட்டுத் தொலைத்தார். அது வாலாட்டியது.

"நீங்க கொஞ்சறதுக்கு அது உயிரைக் கொடுக்கணுமா?" என்றார் அண்ணி. அன்றிலிருந்து அண்ணனுக்கு அறைக்குள் அனுமதி இல்லை.

குட்டி வளர்ந்ததும் என் வண்டியில் காட்டோரம் கொண்டுபோனோம். கூண்டைத் திறந்ததும் அது அண்ணியைப் பார்த்து உறுமிவிட்டுப் புதருக்குள் பாய்ந்தது. அண்ணி முகத்தில் அப்படியொரு பெருமை. புதரின் அசைவு அடங்கி, அது குரல் எட்டாத தூரம் போகும்வரை காத்திருந்தார்.

"போயிட்டு வா, கண்ணு" என்றார். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"வேண்டாம். வந்துடாத."