மார்டள்ளியில் பிடித்த வண்டு

காலை ஆறரை மணிக்கு மைசூர் பேருந்து நிலையத்தில் கொள்ளேகால் வண்டி ஏறினேன். சீட்டு எண்பது ரூபாய். பக்கத்து இருக்கைப் பெண்மணி ஆதார் அட்டையைக் காட்டிக் காசில்லாமலே சீட்டு வாங்கிக்கொண்டார். என் அட்டையில் கோயம்புத்தூர் முகவரி இருப்பதால் உள்ளூர்ப் பெண்களுக்குக் கர்நாடகம் தரும் அந்தச் சலுகை எனக்கில்லை. என் மடியிலிருந்த பிளாஸ்டிக் கோப்பைகளைப் பார்த்து, "கல்யாண சமையலா?" என்று கேட்டார். "சாணவண்டு பிடிக்கப் போறேங்க" என்றேன். சன்னல் பக்கமாகச் சற்று நகர்ந்து உட்கார்ந்தார்.

மைசூர்க் கல்லூரி ஒன்றின் பூச்சி அறையில் இந்த வட்டாரத்துச் சாணவண்டுகளை இனம் பிரித்துப் பட்டியல் போடுவதுதான் என் வேலை. கொம்பு உண்டா, முன்காலில் எத்தனை பல், முதுகில் என்ன வரி என்று பார்த்துப் பார்த்தே கண்ணாடியின் பவர் ஏறிவிட்டது. பட்டியல் அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறது. அதில் ஒரே ஒரு வரிதான் நானே கண்டுபிடித்தது. யானை லத்தியில் வாழும், எலுமிச்சம்பழம் அளவுள்ள வண்டு. இடம், மார்டள்ளியில் சின்னசாமி என்பவரின் தோட்டம். அந்தப் பக்கம் அதற்குமுன் யாரும் அதைப் பதிவு செய்ததில்லை. ஐந்து வருடத்துக்கு முன் நான் வைத்த பொறிக்குழியில் கிடைத்த ஒற்றை வண்டை நம்பி அந்த வரி நிற்கிறது. இன்னொன்று கிடைத்தால் உறுதியாகிவிடும் என்றுதான் கிளம்பினேன்.

கொள்ளேகாலில் வண்டி மாறி, ஹனூர், கௌதள்ளி தாண்டி, மைசூரிலிருந்து ஏறக்குறைய நூற்றிருபது கிலோமீட்டர் வந்து மார்டள்ளியில் இறங்கியபோது மணி பதினொன்றரை. கௌதள்ளிக்கு அப்புறம் பேருந்துக்குள் கன்னடத்தைவிடத் தமிழ்தான் அதிகம் கேட்டது. இருபுறமும் மக்காச்சோளமும் மரவள்ளியும் மழை குடித்துத் தளதளவென்று நின்றன.

சின்னசாமி அண்ணன் வீட்டுக்குள் நுழைந்ததும் சுவரைக் காட்டினார். நான் முன்பு அனுப்பிய பட்டியல் வரைவின் ஒரு பக்கம், கண்ணாடிச் சட்டம் போட்டு, சாமி படங்களோடு மாட்டியிருந்தது. ஆங்கிலத்தில் அவர் பெயர் இருந்த வரிக்குச் சிவப்பு மையில் கோடு.

"யாரு வந்தாலும் காட்டிருவனுங்க அம்மிணி."

மாலை நான்கு மணிக்குத் தோட்டத்தில் கோப்பைகளைப் புதைக்கத் தொடங்கினோம். வாய் மண்மட்டத்துக்கு வரும்படி புதைத்து மேலே லத்தியை வைத்தால், வாசனைக்கு வரும் வண்டு உள்ளே விழும். அவரும் மண்வெட்டியோடு வந்தார்.

"இந்த வாட்டி பக்கெட்டு கொண்டாரலீங்களா?"

"இல்லைங்கண்ணா. இங்கயே ஓடைப்பக்கம் யானை லத்தி கிடக்குதே."

"போன வாட்டி மூடியத் தொறந்தப்பவே உள்ள ஒண்ணு கெடந்துச்சுங்களே, பெருசா. பறந்து போயிருமின்னு நாந்தான் எடுத்துக் குழியில உட்டேன். நீங்க அந்தக் கோடியில குழி தோண்டிட்டு இருந்தீங்க."

உதவி செய்த பெருமையோடுதான் சொன்னார். கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தேன். என் ஒற்றை வண்டு வாளியோடு வந்தது. அந்த வாளி லத்தியைப் பாதி மைசூருக்கு மேற்கே ஒரு யானை முகாமிலும், போதாதென்று மீதியை வழியில் ஒரு காட்டோரத்திலும் அள்ளியிருந்தேன். வைக்கப்போகும் லத்தியை முதலில் உதிர்த்துப் பார்க்கவேண்டும் என்பது இந்த வேலையின் அரிச்சுவடி. அன்று அவசரத்தில் நான் பார்க்கவில்லை. மார்டள்ளிப் பக்கமும் யானை வரும் என்பதால், அதற்குப் பிறகும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அடுத்த இரண்டு நாள் காலையும் மாலையும் குழிகளைப் பார்த்தேன். சிறு கறுப்பு வண்டுகள், உருண்டை உருட்டுபவை, ஒற்றைக் கொம்பன்கள் எல்லாம் விழுந்திருந்தன. பெரியது விழவில்லை. அது இங்கே இல்லவே இல்லை என்று இதை வைத்துச் சொல்லமுடியாது. ஆனால் இருக்கிறது என்று சொல்ல என்னிடம் எதுவும் மிச்சமில்லை.

நான்காம் நாள் காலை, சொல்லாமலே போய்விடலாம் என்று ஒரு ஆசை வந்தது. வெட்கமாக இருந்தது. சொல்லிவிட்டேன்.

"அப்ப அந்த வண்டு எங்கூருது இல்லீங்களா?"

"தெரியலைங்கண்ணா. வாளியில வந்தது. தப்பு என்னுது."

"எடுத்துப் போட்டது நாந்தானுங்களே."

"நான் பார்த்துக் கொண்டாந்திருக்கணுங்க."

சட்டத்துக்குள் இருந்த சிவப்புக் கோட்டை விரலால் தொட்டார். "எம்பேர அடிச்சிருவீங்களா?"

"அடிக்கணுங்கண்ணா."

"செரி. இல்லாதத எழுதி வெச்சு என்னத்துக்கு." சட்டத்தைக் கழற்றித் துண்டால் துடைத்து, கட்டிலுக்கடியில் தள்ளினார். போன முறை என் பையைத் தூக்கிக்கொண்டு பேருந்து வரை வந்தவர், இந்த முறை வாசலோடு நின்றுகொண்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

மாலை ஐந்து மணிக்கு மைசூர் வந்து சேர்ந்தேன். பூச்சி அறையைப் பார்த்துக்கொள்ளும் மஞ்சுளா, மைசூரிலேயே பிறந்த தமிழ்ப்பெண், விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"பர்வாகில்ல மேடம், இருக்கட்டும் விடுங்க. ஒரே ஒரு லைன். யாரு போய் செக் பண்ணப் போறாங்க?"

யாரும் பார்க்கமாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். அச்சுப்படியில் அந்த வரியை அடித்தேன். பிறகு இழுப்பறையைத் திறந்து, வண்டைக் குத்தியிருந்த ஊசியிலிருந்து 'மார்டள்ளி' என்ற சீட்டை உருவினேன். புதிய சீட்டில் என்ன எழுதுவது? முகாம் என்றும் எழுதமுடியாது, காட்டோரம் என்றும் எழுதமுடியாது. ஊர் தெரியாத வண்டு எந்தப் பட்டியலுக்கும் ஆகாது. உயிரோடு இருந்தபோது அதற்கு ஓர் ஊர் இருந்தது. அதை அங்கிருந்து தூக்கி வந்து சாராயத்தில் போட்டுக் கொன்றவள் நான்தான். 'இடம்: தெரியாது' என்று என் கையாலேயே எழுதிக் குத்தினேன்.