எதிரி அனுப்பிய இரண்டாவது வேலை

கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்குப் போகும் காலை ரயிலில்தான் என் ஆராய்ச்சியில் பாதி நடந்தது. பல்கலைக்கழகத்தில் எனக்கென்று ஒரு மேசை இருந்தது. ஆனால் ஞாபகத்தில் நிற்பது, பொன்னேரியில் ஏறி முண்டியடித்து என் எதிரே வந்து உட்காரும் நண்பன்தான். இருவருக்கும் ஒரே மேடம்தான் வழிகாட்டி. இப்போது அவன் வேறு மாநிலத்தில் ஆசிரியர். என் நிரூபணங்களை மடக்க எதிரே ஆள் இல்லை.

எங்கள் துறை அல்காரிதம். அடுத்து என்ன வேலை வரும் என்று தெரியாமல், வர வர அதை எந்த இயந்திரத்தில் போடுவது என்பதுதான் என் கணக்கு. வேலைகளை அனுப்புபவனை நாங்கள் எதிரி என்போம். நம் விதியைத் தெரிந்துகொண்டு, அதைக் கவிழ்க்கவே பார்த்துப் பார்த்து அனுப்புவான். ரயிலில் ஒருவன் நிரூபணம் சொன்னால் மற்றவன் எதிரி. சொல்பவன் காகிதத்தைப் பார்க்கக்கூடாது.

ஒரு நாள் அப்படிப் போய்க்கொண்டிருந்தோம். அன்று மாலை என் முதல் கட்டுரை ஒரு மாநாட்டுக்குப் போவதாக இருந்தது. நிரூபணம் முடிந்தது என்று மேடத்திடம் முந்தின வாரமே சொல்லி, காகிதத்தையும் கொடுத்திருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கட்டுரை என்றால் என்னவென்று தெரியாமலே அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

என் விதி எளிது: ஓர் இயந்திரத்தை எப்போதும் லேசாக வைத்திரு, பெரிய வேலை வந்தால் அதில் போடு. எதிரி எதை அனுப்பினாலும் இது தாங்கும் என்ற நிரூபணத்தை மீஞ்சூர் வருவதற்குள் சொல்லி முடித்தேன். அவன் இட்லி டப்பாவை மூடினான்.

"மூணு மிஷின் வச்சிக்கினியா? பெருசு ஒண்ணு அனுப்பிட்டேன். இப்ப இன்னொரு பெருசு. எங்க போடுவ?"

"ரெண்டாவது பெருசு வராதுடா."

"யாரு சொன்னது? எதிரி இன்னா, உன்ன கேட்டுக்கினா வருவான்?"

யார் சொன்னது என்று யோசித்தபோதுதான் எனக்கே விளங்கியது. அப்பா வேலை பார்க்கும், தகடு அடிக்கும் பிரஸ் பட்டறையில் பெரிய ஆர்டர் ஷிப்டுக்கு ஒன்றுதான் வரும். சிறுவயது முதல் கேட்டுப் பழகிய அந்தப் பட்டறையை வைத்தே யோசித்திருக்கிறேன். நிரூபணத்தில் எங்கும் அதை எழுதவில்லை. மூன்று இயந்திரம் என்று வந்துவிட்டால் எல்லா வரியும் அதன்மேல்தான் நின்றது.

மேடமே கவனிக்கவில்லை, மாநாட்டுக்காரர்களும் கவனிக்காமல் போகலாமே என்று அவனிடம் மெதுவாகச் சொன்னேன். அவன் கிண்டலை நிறுத்திவிட்டான்.

"நீ சொல்லலன்னா நானும் சொல்லமாட்டேன். ஆனா பேஜாருடா."

பேசின் பாலத்துக்கு முன்னால் ரயில் வழக்கம்போல் நின்றது. மேடத்துக்குப் போன் செய்து, நிரூபணம் தப்பு என்றேன். எது மிச்சம் என்று கேட்டார். இரண்டு இயந்திரங்களுக்கு மட்டும் நிற்கிறது என்றேன். அதை எழுது, அவனையும் கூட்டிக்கொண்டு வா என்றார்.

அடுத்த வருடம்தான் கட்டுரை வெளியானது, சின்னதாக, இரண்டு இயந்திரங்களுக்கு மட்டும். எங்கள் துறையில் பெயர்களை எழுத்து வரிசையில்தான் போடுவார்கள். அவன் பெயர் முதலில் வந்தது, மேடம் பெயர் நடுவில், என்னுடையது கடைசியில். கட்டுரை வெளியான அன்று பொன்னேரியில் ஏறியவன் சென்ட்ரலில் இறங்கும்வரை ஒன்றையேதான் சொல்லிக்கொண்டு வந்தான்: "எதிரிக்குத்தான்டா மொத எடம்."