மொட்டை மாடியில் நான் கட்டிய பனிமலை

செங்கம் ரோட்டில் பதினோரு விடுதிகள், டவுனில் இரண்டு கல்யாண மண்டபங்கள், அடி அண்ணாமலையில் இன்றுவரை ஒரு சொட்டு ஒழுகாத தண்ணீர்த் தொட்டி, எனக்கென்று மாடியோடு ஒரு வீடு. எல்லாம் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் கட்டியவை. வெறும் பாறை, ஆகாது என்று இன்ஜினியர்கள் கைவிட்ட இடத்தில் அஸ்திவாரம் போட்டவன் நான். இவற்றோடு ஒரு மலைத்தொடரையும் கட்டினேன். அதை மட்டும் நான் கட்டியதாக யாரும் சொல்வதில்லை.

ரமணாசிரமத்துக்குப் போய்வர வசதி என்று, சென்னையிலிருந்து ஒரு பெரியவர் என் வீட்டு மாடி அறைக்குக் குடிவந்தார். பாறைகளை ஆராயும் உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். தென் துருவத்தில் ஒரு மலைத்தொடரை அளந்தவர். கப்பலை விட்டு இறங்கியும் நாள் கணக்கில் பனியில் போக வேண்டிய இடமாம், புல்கூட முளைக்காதாம். என்றைக்கோ தூரத்தில் இருந்து பார்த்துவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரரின் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள்.

“அப்போ ஏறினவங்க பேரு?” என்று கேட்டேன்.

ஒருநாள் மாடியில் வரைபடத்தை விரித்தார். “இத சிமென்ட்ல செஞ்சு தர முடியுமா, மேஸ்திரி? கோடு நெருக்கமா இருந்தா செங்குத்து, தள்ளித் தள்ளி இருந்தா சரிவு. அவ்ளோதான்.” அந்தக் கோடுகளை ஒரே பகலில் படித்துவிட்டேன்.

என் மனைவிதான் முனகினாள். “எதிர்ல நிக்கிற மலை பத்தலயா? ஊரே அதச் சுத்துது. நீங்க மாடியில வேற ஒண்ணு ஏத்துறீங்க.”

இரண்டு சிகரங்களுக்கு நடுவே முழங்கை ஆழத்துக்கு ஒரு பிளவு வைக்கச் சொன்னார். “அத அப்படியே விட்டுடுங்க. உள்ள ஒண்ணும் வேணாம்.”

“எதுக்கு சார்?”

“என்கூட வந்தவன் அதுல போயிட்டான். கயிறு என் கையிலதான் இருந்துச்சு. வெறுங்கயிறு மேல வந்துது.”

அதன்பிறகு அந்த வேலை வேறு மாதிரி ஆகிவிட்டது. உச்சி வெயிலில் கரண்டியைப் பிடித்திருப்பேன். பிளவுப் பக்கம் மட்டும் விரல் விறைக்கும். முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சு வாங்குவதுபோல் கேட்கும். திரும்பினால் துணி காயும் கொடிதான் ஆடிக்கொண்டிருக்கும்.

தோண்டிய குழியை வெறுமனே விடுவது எங்கள் தொழிலில் கிடையாது. குழி ஆள் கேட்கும் என்பார்கள். இது ஏற்கெனவே ஆள் வாங்கிய குழி. அவருக்குத் தெரியாமல் அதன் அடியில் எருமண்ணும் ஒரு கை நவதானியமும் போட்டு, மேலே மெல்லிசாகச் சுண்ணாம்பு பூசிவிட்டேன்.

ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. நாலாம் நாள் காலையில் பெரியவர் கூப்பிட்டார். வெள்ளைப் பூச்சைப் பிளந்துகொண்டு பச்சைப் பயறும் காராமணியும் முளைத்து நின்றன. அவர் அதன் எதிரே குந்தியிருந்தார்.

“யாரு போட்டது?”

“நான்தான் சார். தப்பா எடுத்துக்காதீங்க. வெறுங்குழி ஆகாது.”

அவர் முளைகளைத் தடவி, ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். துளி காற்று இல்லை. முளைகள் அசைந்தன. நான் பார்த்தேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

“இத வாட விட்டுடாதீங்க, மேஸ்திரி” என்றார். வாடும்போதெல்லாம் புதுசாக விதைத்தேன்.

இந்த வருஷம் அவர் காலமானார். அவருடைய மகன் ஆட்களோடு வந்து மலைத்தொடரை நாலு துண்டாக அறுத்து, லாரியில் ஏற்றிப் போனார். சென்னையில் ஒரு கல்லூரிக் கூடத்தில் வைத்திருக்கிறார்களாம். போனில் படம் வந்தது. பிளவைச் சுரண்டிச் சுத்தம் செய்து வெள்ளை அடித்திருக்கிறார்கள். உள்ளே ஒன்றும் இல்லை. பக்கத்துப் பலகையில் அந்த வெள்ளைக்காரரின் பெயர். அதன்கீழ் ‘உருவாக்கியவர்’ என்று பெரியவரின் பெயர்.

அது இருந்த இடத்தில் இப்போதும் உச்சி வெயிலில் என் பாதம் சில்லிடுகிறது. என் மனைவி துணி காயப்போடக்கூட மாடிக்கு வருவதில்லை.

அந்த மகனுக்கும் கல்லூரிக்காரர்களுக்கும் சொல்கிறேன். அளந்தவர் பெரியவர்தான், இல்லை என்று நான் சொல்லவில்லை. கட்டியவன் நான். பலகையில் மேஸ்திரி என்று போட்டு என் பெயரை எழுதுங்கள். பிளவை நிரப்ப நானே பஸ் ஏறி வருகிறேன். அதுவரைக்கும், அந்தக் குழியை வெறுமனே விட்டவன் நான் இல்லை என்பதையும் அதே பலகையில் எழுதிவையுங்கள்.