வியாழக்கிழமை மௌனம்

மூன்று வருஷத்துக்கு முன்பு, ஒரு புதன்கிழமை. கருமத்தம்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மாதத்தில் ஒரு நாள் பராமரிப்பு வேலைக்காகக் காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட்டை நிறுத்திவிடுவார்கள். அன்றைக்கு அந்த நாள். ஊர் முழுக்க விசைத்தறி என்பதால் கரண்ட் போனால் ஊரே மூச்சை அடக்கிக்கொண்டது போலாகிவிடும். தறி ஓடும்போது அசந்து தூங்குகிற கைக்குழந்தை, தறி நின்றதும் எழுந்து அழும். அப்படிப்பட்ட ஊர்.

அன்று என் வீட்டுக்காரரிடம் நான் ஒரு விஷயம் கேட்க வேண்டியிருந்தது. தறிச் சத்தத்துக்கு நடுவே கத்திக் கேட்கிற விஷயமில்லை. அதனால்தான் கரண்ட் இல்லாத நாளுக்காகக் காத்திருந்தேன்.

அது என்ன என்று சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். அதற்கு முந்தைய வருஷம் மகளைக் கல்லூரி விடுதியில் சேர்த்துவிட்டு வந்தபின் எனக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. ஒரு தோழி, மேற்கே மலையடிவாரத்தில் உள்ள ஓர் ஆசிரமத்துக்கு மௌன முகாமுக்குக் கூட்டிப் போனாள். ஒரு வாரம் வாய் திறக்கக் கூடாது. 'நீயா?' என்று சொந்தபந்தமெல்லாம் சிரித்தது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பேசாமல் இருப்பது எனக்குக் கஷ்டமாக இல்லை. தறிச் சத்தம் இல்லாமல் தூங்குவதுதான் கஷ்டமாக இருந்தது.

முகாம் முடியும் தறுவாயில் ஒரு காலை, சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். குழாயில் தண்ணீர் விழுகிறது. முதுகில் இளவெயில். அவ்வளவுதான். எனக்குள்ளே எந்நேரமும் ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒரு தறி சட்டென்று நின்றது. ஒரு குறையும் இல்லை என்று தோன்றியது. பிறந்ததிலிருந்து எனக்கு அப்படித் தோன்றியதே கிடையாது. தட்டைப் பிடித்தபடி அழுதேன். துக்கம் துளிகூட இல்லை. இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், அது நிஜம். எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

அந்த நிம்மதி கருமத்தம்பட்டி பஸ் ஸ்டாப் வரை என்னோடு வந்தது. அதற்கப்புறம் அறுந்த நூல், அடுப்பு, நூல் வண்டிக்காரனோடு சண்டை என்று பழைய கதைதான். போனதைப் பிடித்து வைக்க வாரத்தில் ஒரு நாள், வியாழக்கிழமை, மௌன விரதம் இருக்க ஆரம்பித்தேன். வீட்டில் அது பெரிய விஷயமில்லை. வீட்டை ஒட்டிய எங்கள் தறிக்குடோனில் யார் பேசினாலும் காதில் விழாது. அதனால் எங்களுக்கெல்லாம் கைச்சாடை தாய்மொழி மாதிரி. சோறு வேண்டுமா, நூல் தீர்ந்ததா, யார் வந்திருக்கிறார்கள் எல்லாவற்றுக்கும் ஒரு சாடை உண்டு.

வேடிக்கை என்னவென்றால், வியாழக்கிழமையானால் என் வீட்டுக்காரர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. என்னோடு சேர்ந்து சாடை காட்டுவார், சிரிப்பார், குடோனில் நடந்ததையெல்லாம் நடித்துக் காட்டுவார். "எங்கண்ணனுக்கு வியாழக்கெழமதானுங்க அண்ணி நோம்பி" என்று நாத்தனார் கிண்டல் செய்வாள். நோம்பி என்றால் எங்கள் பக்கம் பண்டிகை. எனக்கு ஒரு பக்கம் கோபம். இன்னொரு பக்கம், என் தியானத்தின் சக்தி அவரையும் தொட்டுவிட்டது என்று உள்ளூரப் பெருமை.

மற்ற நாட்களில்தான் அவர் வேறு ஆள். நான் ஒன்று கேட்டால் அவர் வேறொன்று சொல்வார். பாதி நேரம் பதிலே இருக்காது. பேசினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி கத்துவார். மகள் போன் செய்தால் "நல்லாருக்கியா கண்ணு, இந்தா, அம்மாகிட்டப் பேசு" என்று போனை என் கையில் திணித்துவிடுவார். 'அப்பாவுக்கு என் மேல ஏதாவது வருத்தமாம்மா?' என்று அவள் கேட்டாள். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? ஆசிரமம் போய்வந்ததிலிருந்து இந்த மனுஷர் என்னை ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை, இந்த வீட்டில் இனி நான் வளர முடியாது என்று நினைத்தேன். அந்தச் சமயம் பார்த்து ஆசிரமத்துச் சமையல்கட்டுக்கு ஆள் வேண்டும் என்று தகவல் வந்தது. ஆறு மாதம் தங்கவேண்டும். ஆறு மாதம் என்பது வெளியே சொல்வதற்கு. திரும்பி வருவேனா என்று எனக்கே உறுதியில்லை.

அந்தப் புதன்கிழமை அவர் தறிக்குடோனில் பாவு பிணைத்துக்கொண்டிருந்தார். தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூல்தான் பாவு; தீர்ந்துபோன பாவின் நூல் நுனிகளோடு புதுப் பாவின் நுனிகளை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்கிற வேலை. கண்ணும் விரலும் அதிலேயே இருக்கும். நான் பின்னால் வாசல்படியில் நின்றேன். முகத்தைப் பார்த்துக் கேட்கத் தைரியமில்லை.

"ஏனுங்க, அந்த ஆசிரமத்துல சமையலுக்கு ஒத்தாசையா ஆள் கேக்கறாங்க. ஒரு ஆறு மாசம் போயி இருந்துட்டு வரட்டுங்களா? வேண்டாம்னா ஒரு வார்த்த சொல்லிப்போடுங்க, போகல."

அவர் திரும்பவில்லை. விரல்கள் நூலை முறுக்கிக்கொண்டே இருந்தன. இன்னொரு தடவை கேட்டேன். வெளியே ஒரு காக்கை கத்தியதுகூட அத்தனை தெளிவாகக் கேட்டது. அவரிடமிருந்து ஒரு 'ம்' கூட வரவில்லை. மௌனம் சம்மதம் என்பார்களே, அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். கேட்டது கிடைத்துவிட்டது, சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் இருபது வருஷத்துக்கு மேல் குடும்பம் நடத்தியவளிடம் 'வேண்டாம்' என்று சொல்ல ஒரு வார்த்தை இல்லையா என்று ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்திலேயே பையைக் கட்டினேன்.

மறுநாள் வியாழக்கிழமை. காலையில் தறியை ஓட்டிவிட்டுக் காப்பிக்கு உள்ளே வந்தவர், கதவோரம் இருந்த பையைப் பார்த்தார். சிரித்துக்கொண்டே கையை விரித்துத் திருப்பினார். எங்கே பயணம்?

எனக்குச் சுருக்கென்றது. மலையைக் காட்டினேன், ஆறு விரல் காட்டினேன், மாதம் என்று காட்டினேன். சிரிப்பு மறைந்தது. எப்போது சொன்னாய் என்று கேட்டார். நேற்று, அங்கே, உங்கள் முதுகுக்குப் பின்னால் என்று காட்டினேன். பிறகு மெதுவாகக் கீழே உட்கார்ந்து, காதைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தார்.

விரதமாவது ஒன்றாவது. "எத்தன நாளா?" என்று வாய்விட்டே கேட்டேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், கேட்கவில்லை. முன்னால் போய் உட்கார்ந்து, தாடையைப் பிடித்து முகத்தை நிமிர்த்தி மறுபடி கேட்டேன்.

"ரண்டு மூணு வருசமாச்சு அம்மணி. மொதல்ல போனுல பேசுனா கேக்கல. அப்பறம் ஆராச்சும் பொறகால நின்னு பேசுனா கேக்கல. தறிக்குள்ள இருக்கற வரைக்கும் ஒரு கவலையுமில்ல, அங்க ஆருக்குத்தான் கேக்குது?"

"ஏனுங்க எங்கிட்டச் சொல்லல?"

"செவுடன்னு பேராயிருமில்ல. நாளைக்குப் பாப்பாவுக்கு மாப்பள பாக்கோணும். அதுமில்லாம மலைக்குப் போயிட்டு வந்து உன்ற மொகம் அத்தன தெளிவா இருந்துது. நானெதுக்கு அதையக் கெடுத்துப்போட்டு?" என் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வியாழக்கெழம மட்டும் எனக்குக் கஷ்டமே இல்ல. அன்னைக்குத்தான் நீ மூஞ்சிக்கு முன்னால வந்து நின்னு கையக் காட்டிப் பேசறே. ஒண்ணு உடாம வெளங்குது."

எனக்கு அழுகை வந்தது. இந்தத் தடவை துக்கமும் சேர்ந்தே வந்தது. என் தியானத்தின் சக்தி என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த மலர்ச்சி அதுதான். வாரத்தில் ஒரே ஒரு நாள் பொண்டாட்டி பேசுவது புரிகிறது என்கிற சந்தோஷம்.

"போகோணும்னா போயிட்டு வா அம்மணி" என்றும் அவரே சொன்னார். நான் போகவில்லை. தியாகம் என்றெல்லாம் நினைத்துவிடாதீர்கள். எதைத் தேடிப் போக இருந்தேனோ அதன் பாதி, அந்தத் தரையில் அவர் எதிரே உட்கார்ந்திருந்தபோதே கிடைத்துவிட்டது. அப்புறம் அங்கே போய் என்ன செய்ய?

அந்த வாரமே கோயமுத்தூரில் காது டாக்டரிடம் போனோம். போனது போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார் அவர். தறிக்குடோனுக்குள் போனால் காதுக்குப் பாதுகாப்பு மாட்ட வேண்டும், வெளியே வந்தால் காது கேட்கிற மெஷின். மெஷின் மாட்டிய முதல் நாள், "இப்பத்தான் தெரியுது நீ எத்தன பேசறீன்னு" என்றார். அதை அவ்வப்போது கழற்றியும் வைத்துவிடுகிறார். சந்தேகமாகத்தான் இருக்கிறது. மகள் இப்போதெல்லாம் வீடியோவில் கூப்பிட்டு அப்பாவோடு கையாலேயே கதை பேசுகிறாள்.

நான் மாறிவிட்டேன் என்று சொன்னால் நாத்தனார் சிரிப்பாள். இன்னும் கோபம் வருகிறது, இன்னும் அடுப்படியில் இருந்தபடியே கத்துகிறேன். கத்திய பிறகுதான் ஞாபகம் வரும். அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு எழுந்து போவேன். போய்ச் சேர்வதற்குள் பாதிக் கோபம் எங்கேயோ விழுந்துவிடும்.

போன மாதம் ஒரு மத்தியானம். எல்லாத் தறியும் ஓடிக்கொண்டிருந்தது, காது கிழிகிற சத்தம். குடோனின் அந்தக் கோடியிலிருந்து அவர் என்னைப் பார்த்துச் 'சாப்பிட்டாயா?' என்று சாடை காட்டினார். இல்லை, நீங்களும் வாருங்கள் என்று காட்டினேன். கையை இறக்குவதற்குள், தட்டுக் கழுவிய அந்தக் காலையில் வந்ததே, அதே நிம்மதி சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றது. அத்தனை தறியும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒரு குறையும் இல்லை.

மலையடிவாரத்தில் ஒரு வாரத்தில் பழகிவிட்டேன் என்று நினைத்த மௌனத்தை, அவர் முன்னால் போய் நின்று அவர் நிமிர்ந்து பார்க்கிற வரை வாயை மூடிக் காத்திருக்கும்போதெல்லாம், இன்னும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பழகிக்கொண்டிருக்கிறேன்.