முனை வளைத்த பிளேடுகள்

"ரெண்டு விரல மிஷினுக்குக் குடுத்துட்டு வந்த மனுசனுக்கு ரம்பம் வாங்கியாந்துகிறியே, காலேஜ்ல உனக்கு இத்தத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?"

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதச் சம்பளத்தில் நான் வாங்கி வந்த பெட்டியைப் பிரித்தபோது என் அத்தை கேட்ட கேள்வி இது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களில் பலரும் அன்று அதையேதான் நினைத்தீர்கள். வாய்விட்டுக் கேட்டவர் அத்தை ஒருவர்தான். பெட்டிக்குள் இருந்தது மேசைமேல் வைக்கும் சிறிய ரம்ப இயந்திரம். தையல் இயந்திரத்தில் ஊசி ஏறி இறங்குவதைப் போல அதில் மெல்லிய பிளேடு ஒன்று ஏறி இறங்கும். பலகையை அதன் முன் வைத்து நகர்த்தினால் இலை, மீன், படகு என்று எந்த உருவத்தையும் வெட்டி எடுக்கலாம். அதை வாங்கியது என் தந்தையாருக்காக. வீட்டில் அவரை நைனா என்றுதான் அழைப்போம். இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

நைனா பிறந்தது கொருக்குப்பேட்டையில், சரக்கு ரயில்கள் நிற்கும் தண்டவாளத்தை ஒட்டிய வரிசை வீடு ஒன்றில். பெற்றோர் இருவரும் சரக்குக் கொட்டகையில் கூலி வேலை செய்தவர்கள். நைனா இரண்டாம் வகுப்பைத் தாண்டவில்லை. மீசை அரும்பும் முன்பே மூட்டை தூக்கப் போனார். திருமணத்துக்குப் பிறகு திருவொற்றியூரில் தகரத் தகடுகளை அழுத்தி வடிவமைக்கும் பட்டறை ஒன்றில் சேர்ந்தார். அங்கேதான் அவருடைய வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. நான் அப்போது மூன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு கண்டெய்னர் யார்டில் வாயிற்காவலராக இருந்தார். அந்த வேலையில்தான் என்னைக் கல்லூரி வரை படிக்க வைத்தார். எங்கள் குடும்பத்தில் பள்ளியை முடித்த முதல் ஆள் நான். இன்று எண்ணூரில் ஒரு தொழிற்சாலையின் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். இதைப் பெருமையோடுதான் எழுதுகிறேன். அந்தப் பெருமை எனக்கு இருப்பதைவிட அவருக்கு அதிகமாக இருந்தது.

உறவினர்களுக்கு ஒரு செய்தியை நான் சொல்லியாக வேண்டும். உங்கள் வீட்டுத் திருமணங்களுக்கும் காதுகுத்துகளுக்கும் நைனா தவறாமல் வந்தார். ஆனால் பந்தி போடும் முன்பே கிளம்பிவிடுவார். "பெரிய மனுசன், நம்ம வூட்ல கை நனைக்க மாட்டாரு" என்று சிலர் மனம் வருந்தியது எனக்குத் தெரியும். அது கோபமும் அல்ல, கர்வமும் அல்ல. இலையில் சோறு பிசையும் அந்தக் கையைப் பிறர் பார்ப்பதை அவரால் தாங்க முடியவில்லை. வீட்டிலும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் சாப்பிடுவார். வெளியே கிளம்பினால் வலது கை கால்சட்டைப் பைக்குள் போய்விடும். பேருந்தில் சீட்டு வாங்குவது, கடையில் பால் வாங்குவது எல்லாம் இடது கைதான். அந்த வலது கை பையை விட்டு வெளியே வர வேண்டும் என்பது ஒன்றுதான் என் ஆசையாக இருந்தது. என் கைபேசியில் மரம் அறுக்கும் காட்சிகளை அவர் திரும்பத் திரும்பப் பார்ப்பதைக் கவனித்துத்தான் அந்த இயந்திரத்தை வாங்கினேன்.

நான்கு நாட்கள் அது மூடியபடியே கிடந்தது. ஐந்தாம் நாள் நான் வேலை முடிந்து வந்தபோது, பலகை எதுவும் வைக்காமல் வெறுமனே ஓடவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது நின்ன எடத்துலயே நிக்குதும்மா," என்றார். "நாமதான் மரத்த இட்டுனு போவணும் போலகீது. அந்த மிஷின் மாரி கையத் தேடினு வராது."

பிறகு ஒரு பிளைவுட் துண்டை எடுத்து இரண்டு கைகளையும் அதன்மேல் வைத்தார். வலது கையின் பெருவிரலும் மீதி இரண்டு விரல்களும் பலகையை அழுத்திப் பிடித்தன. அன்று வெட்டிய இலை கோணலாக இருந்தது. அம்மா அதை இன்றும் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார்.

கல்மண்டபத்தில் கப்பல் சரக்குக்குப் பெட்டி அடிக்கும் கொட்டகை வைத்திருக்கும் காதர் மாமா, நைனாவின் நாற்பது வருடத் தோழர். மரத்துண்டுகள் அவரிடமிருந்து வரும். சனிக்கிழமை மதியம் நைனா அங்கே போனால் ஒரு பை நிறைய மரத்தோடுதான் திரும்புவார். பிளேடு வாங்குவது மட்டும் என் பொறுப்பு. அதில் ஒரு படிப்பே இருக்கிறது. மெல்லிய பலகைக்குப் பல் நெருக்கமான சன்னப் பிளேடு. தடித்த மரத்துக்குப் பல் விலகிய முரட்டுப் பிளேடு. பற்கள் எப்போதும் கீழே பார்க்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் பலகை துள்ளும். இதையெல்லாம் கைபேசியில் படித்து நைனாவுக்குச் சொல்வேன். அவர் அதை யார்டுக்கு வரும் ஓட்டுநர்களிடமெல்லாம் சொல்வார்.

"பிளேடு எல்லாம் எம்பொண்ணுதான் பாத்து வாங்கும். படிச்சிகீது இல்ல."

இயந்திரத்தோடு வந்த பிளேடுகள் தீர்ந்ததும் பெரிய கட்டு ஒன்றை வரவழைத்தேன். இருந்ததிலேயே பல் நெருக்கமான, விலை கூடிய பிளேடு. பல் எண்ணிக்கை கூடினால் தரமும் கூடும் என்று, மதிப்பெண்ணைப் பார்ப்பதைப் போலப் பார்த்துவிட்டேன். வந்து ஒரு வாரம் கழித்து, "எப்படி இருக்கு நைனா?" என்று கேட்டேன்.

"வெண்ணெ மாரி போவுது," என்றார்.

அத்தை மகன் திருமணத்துக்கு நைனா கொடுத்த பரிசு உங்களுக்கு நினைவிருக்கும். காசிமேட்டுத் துறைமுகத்தை மெல்லிய பலகையில் வெட்டியிருந்தார்: வரிசையாகப் படகுகள், கரையில் மீன் கூடைகள், கயிற்றின்மேல் காக்கைகள். அத்தை அதை மேடைக்குத் தூக்கிக்கொண்டு போய் எல்லாரிடமும் காட்டினார்.

"எங்கண்ணன் அறுத்துது. காக்கா கூட கீது பாரு."

"காக்கா காலு இம்மாம் சன்னமா எப்டி மாமா வந்துச்சி?" என்று மாப்பிள்ளையின் தோழர் ஒருவர் கேட்டார்.

நைனா பையிலிருந்து வலது கையை எடுத்தார். மூன்று விரல்களையும் விரித்துக் காட்டினார். "அத்தோட காலும் என் கையும் ஒண்ணுதான் தம்பி. பாத்துப் பாத்து வெட்டிட்டேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நைனாவும் சிரித்தார். பந்தி போட்டபோது அவர் கிளம்பவில்லை. முதல் வரிசையில் உட்கார்ந்தார். அத்தை தானே வந்து பரிமாறினார்.

"சாப்ட்டுட்டுதான் போவணும்ணா," என்றார்.

"நான் போறேன்னு எவ சொன்னா? பிரியாணிய வையி."

அன்று எல்லார் நடுவிலும் அவர் சாப்பிட்டதைப் பார்த்தபடி நான் கை கழுவும் இடத்தில் நின்று அழுதேன். நாம் செய்தது சரி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சென்ற ஆண்டு தொடக்கத்தில் நைனாவின் வயிற்றில் கட்டி இருப்பது தெரிந்தது. முற்றிவிட்டது என்றார்கள். அரசு மருத்துவமனையில் சில வாரங்கள் இருந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினார். வந்ததும் முதல் வேலையாக இயந்திரத்தின் மூடியை எடுத்தார்.

அம்மா வண்ணாரப்பேட்டைக் கடைகளுக்கு வீட்டிலிருந்தே சட்டைப் பட்டன் தைத்துக் கொடுப்பவர். பட்டன்கள் பழைய பிஸ்கட் டப்பாக்களில் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். அவருக்காக ஒன்பது அறைகள் உள்ள பட்டன் பெட்டி ஒன்றை நைனா தொடங்கினார். காதர் மாமா கொடுத்த தடித்த, கெட்டி மரம். ஒவ்வோர் அறைக்கும் முதலில் ஒரு துளை போட்டு, அதில் பிளேடை நுழைத்து, உள்ளிருக்கும் மரத்தை வெட்டி எடுக்க வேண்டும். ஓர் அறைக்கு இரண்டு நாள், மூன்று நாள் ஆனது. நடுநடுவே படுத்துக்கொள்வார். மரம் கருகும் வாசனை வீடெங்கும் இருக்கும். உடம்பு தளர்ந்ததால்தான் இவ்வளவு நேரமாகிறது என்று நினைத்தேன்.

"போதும் நைனா, படுங்க."

"இன்னும் மூணுதாம்மா கீது. அம்மாக்கு முடிச்சி குடுத்துட்டா நிம்மதி."

பிளேடு தீர்ந்துவிட்டது என்றபோது, "அதே பிளேடு தானே?" என்று கேட்டேன். என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "ஆமாம்மா, அத்தையே வாங்கு" என்றார். அதையே வாங்கினேன். ஆறு அறைகள் முடிந்திருந்தபோது, ஒரு காலையில் அம்மா கொடுத்த தேநீரில் பாதியைக் குடித்துவிட்டுக் கண் மூடினார். மீதி மூன்று அறைகள் பென்சில் கோடுகளாக நின்றன.

அதன் பிறகு மாதக்கணக்கில் அந்த இயந்திரத்தின் பக்கம் யாரும் போகவில்லை. ஆண்டு நினைவுக்கு முன் பெட்டியை முடித்து அம்மாவிடம் கொடுக்க வேண்டும் என்று சென்ற மாதம்தான் உட்கார்ந்தேன். பிளேடுக் கட்டைப் பிரித்துப் புதியது ஒன்றை எடுத்து மாட்டினேன். நிற்கவில்லை. நழுவியது. வேறொன்றை எடுத்தேன், அதுவும் நழுவியது. நைனா பல நூறு முறை செய்ததை என்னால் ஒருமுறை கூடச் செய்ய முடியவில்லை. பிளேடுகளை எடுத்துக்கொண்டு காதர் மாமாவிடம் போனேன். அவர் அவற்றைப் பார்த்ததும் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தார்.

"இத்த உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு உங்கப்பன் என்கிட்ட சத்தியம் வாங்கிகினாம்மா," என்றார்.

"எதை மாமா?"

"அந்த மிஷினுக்கு ரெண்டு முனையிலயும் குறுக்கால குட்டி ஊசி வெச்ச பிளேடுதான் மாட்டும். அந்த ஊசிதான் கொக்கில ஒக்காரும். நீ வாங்கினது மொட்டை. வந்த அன்னிக்கே அவனுக்குத் தெரிஞ்சிபோச்சி."

ஒவ்வொரு சனிக்கிழமையும் நைனா அந்தக் கொட்டகையில் செய்த வேலையை அவர் சொன்னார். பிளேடின் முனையைத் தீயில் காட்டி, மென்மையாக்கி, சிறிய ஆணித்துண்டைச் சுற்றி வளைப்பார். அந்த வளைவு கொக்கியில் மாட்டிக்கொள்ளும். இரண்டு முனைகளையும் அப்படிச் செய்ய வேண்டும், மூன்று விரல்களை வைத்துக்கொண்டு.

"நாலு வளைச்சா ரெண்டு ஒடையும். திருப்பிக் குடுத்துட்டு வேற வாங்கச் சொல்லுடான்னேன். கேக்கல. 'அது படிச்சிப் பாத்து வாங்கியாந்துகீது, தப்புன்னு நான் எப்புட்றா சொல்லுவேன்'னான். கடைசில அந்தத் தடி மரத்தப் போயி இந்தச் சன்னப் பிளேட்ல அறுக்கறான். மரம் கருவுது, பிளேடு ஒடையுது. 'எனக்கு அவசரம் இல்லடா'ன்னான்."

அவசரம் இருந்தது. அது அவருக்கும் தெரியும்.

இதை எழுதாமல் விட்டிருக்கலாம். நினைவு மலரில் இறந்தவரின் பெருமைகளை எழுதுவதுதான் வழக்கம். ஆனால் நைனாவின் பெருமைகளில் எனக்குத் தெரிந்த மிகப் பெரியது இதுதான். என் தவறைச் சொல்லாமல் அதைச் சொல்ல வழியில்லை. எப்படி இருக்கிறது என்று அவரிடம் கேட்டேன். பாராட்டைக் கேட்பதற்காகக் கேட்டேன். மாட்டும்போது ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்திருந்தால் போதும். அவருக்கு மிச்சமிருந்த நாட்களில் எத்தனை நாட்கள் முனை வளைப்பதில் போயின என்று எண்ணிப் பார்க்க எனக்குத் துணிவில்லை. என் படிப்பின் மேல் ஒரு கீறல் விழக் கூடாது என்று அவர் காத்தார். அதைச் சுமந்தது, அவர் ஊரார் கண்ணில் படாமல் மறைத்து வைத்திருந்த அதே கை.

நைனாவின் கடைசி நாட்களில் எங்களோடு இருந்தவர்களுக்கு நாங்கள் கடன்பட்டவர்கள். வார்டில் அவரை "அப்பா" என்று கூப்பிட்டே ஊசி போட்ட செவிலியர்களுக்கும், தங்கள் விடுப்பைக் கொடுத்து அவர் பணியைப் பார்த்துக்கொண்ட யார்டு நண்பர்களுக்கும், பதினாறு நாளும் எங்கள் அடுப்பை எரியவிடாமல் சோறு கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும், அம்மாவைத் தனியே விடாமல் இரண்டு மாதம் எங்கள் வீட்டிலேயே தங்கிய அத்தைக்கும் எங்கள் நன்றி. சத்தியத்தை எனக்காக மீறிய காதர் மாமாவுக்கு, தனியாக என் நன்றி.

இம்முறை மரத்தின் தடிமனை அளந்து, இயந்திரத்தின் கொக்கியைப் படம் எடுத்து, காதர் மாமாவிடமும் கடைக்காரரிடமும் கேட்ட பிறகே பிளேடு வாங்கினேன். பல் விலகியது, முனையில் ஊசி வைத்தது. கழிவு மரத்தில் இரண்டு வாரம் பழகினேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருக்க, நைனா போட்ட பென்சில் கோட்டின் மேல் ஏழாவது அறையை வெட்டினேன். மரம் கருகவில்லை. இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது. இயந்திரத்தை நிறுத்திவிட்டு வெகுநேரம் எழ முடியாமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு எட்டாவது அறைக்குத் துளை போட்டு, பிளேடை அதற்குள் நுழைத்து மாட்டினேன்.